மெஷினுக்குத் தெரியாத முகம்

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, பஸ்ஸில் வந்த களைப்பில் இடுப்பு மட்டும் என்னோடு கோபித்துக்கொண்டிருக்கிறது. உன் கண் எரிச்சல் குறைந்ததா? அத்தானின் முழங்கால் எப்படி? தைலம் பாட்டிலில் அப்படியே இருக்கிறது என்று நீ எழுதப்போகிறாய், அது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

வந்ததும் எங்கள் எல்லோருடைய போனையும் வாங்கிப் பையில் போட்டு அரக்கு வைத்துவிட்டார்கள். இந்தப் பொழுதுபோக்கு பார்க் திறக்கும்வரை தரமாட்டார்களாம். ஆட்களை உள்ளே விட என்ன மெஷின் வரப்போகிறது என்பது வெளியே கசியக்கூடாதாம். கசிவதற்கு முதலில் எங்களுக்குத் தெரிந்தால்தானே! போன் இருந்தும் என்ன, உனக்குக் காது மந்தமான பிறகு நாம் போனில் பேசிக்கொண்டதெல்லாம் "ஆங்? ஆங்?" மட்டும்தான். நமக்குக் கடிதமே சரி.

இன்னும் சுவர்தான் தெரிகிறது. சுவருக்கு மேலே ராட்டினத்தின் பாதியும் ஒரு டைனோசரின் கழுத்தும். கழுத்துக்கு இன்னும் தலை வைக்கவில்லை. வாசல் வரப்போகிற இடத்தை நீலத் தார்ப்பாய் போட்டு மூடி, இரண்டு காவலாளிகளை நிறுத்தியிருக்கிறார்கள். எங்களை எடுத்திருப்பதே வாசல் வேலைக்கு. ஆனால் வாசலைப் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை.

ஷெட்டில் என் பக்கத்துக் கட்டில் ஒரு பஸ் கண்டக்டர். ரூட்டை நிறுத்திவிட்டார்களாம். என் கதையைக் கேட்டுவிட்டு, "தியேட்டர்ல டிக்கெட் கிழிச்சவனும் பஸ்ல டிக்கெட் கிழிச்சவனும் ஒரே ஷெட்ல! நல்ல ஜோடிப் பொருத்தம்" என்கிறார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து வாசலைப் பற்றித்தான் பேசுவோம். கையில் வளையம் மாட்டுவார்கள் என்கிறான் ஒருவன். உள்ளங்கையை வைத்தால் நரம்பைப் படிக்குமாம் என்கிறான் இன்னொருவன். எல்லாம் புளுகு, கடைசியில் காகிதச் சீட்டும் நாமும்தான் என்று கண்டக்டர் பந்தயம் கட்டுகிறார்.

எனக்கும் காகிதச் சீட்டாக இருந்தால் நல்லது. ஏன் என்று உனக்குத் தெரியும். இந்த வேலைக்கு வந்ததே பட்டாணிக்காக. அவளைக் கடைசியாகப் பார்த்தபோது நாலு வயது. மாதம் ஒரு ஞாயிறு குழந்தையைக் காட்டவேண்டும் என்று விவாகரத்துத் தீர்ப்பில் எழுதியிருக்கிறது. முதலில் கொஞ்ச நாள் நடந்தது. பிறகு ஒரு ஞாயிறு காய்ச்சல், ஒரு ஞாயிறு பரீட்சை, ஒரு ஞாயிறு பூட்டிய கதவு. இப்போது ஒன்பது வயது ஓடுகிறது. இவ்வளவு பெரிய பார்க் திறந்தால் எந்தப் பிள்ளைதான் வராமல் இருக்கும்? ஸ்கூலோடோ வீட்டாரோடோ என்றைக்காவது வருவாள். வாசலில் நான் நிற்பேன்.

உன் கடைக்கு வருகிறாளா? எழுது.

உன் தம்பி

மார்ச் 27

என் தம்பிக்கு,

அக்கா நன்றாக இருக்கிறேன். கண் எரிச்சல் பாதி போய்விட்டது, மீதி ஊசியில் நூல் கோக்கும்போது மட்டும் வருகிறது. அத்தான் விஷயத்தில் நீ ஜோசியனாகப் போகலாம். பாட்டில் அப்படியேதான் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு. ஷெட்டில் ஈரம் இருந்தால் தரையில் படுக்காதே.

உன் பார்க்கைப் பற்றித்தான் இங்கேயும் பேச்சு. ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த ஒருத்தி, கண்ணுக்குள்ளே விளக்கடித்துப் பார்ப்பார்களாம், கண்ணாடி போட்டவர்களை விடமாட்டார்களாம் என்றாள். இன்னொருத்தி, வாசலில் எடை பார்ப்பார்கள், அதற்கேற்ப ராட்டினத்தில் இடம் என்றாள். பயந்துபோய் அன்றிலிருந்து நடக்கப் போகிறாள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அத்தனை வருஷம் லிஃப்ட் ஓட்டியவர் இல்லையா? "பட்டன் வந்தப்பவும் ஒரு ஆள் கூடவே இருப்பான்னுதான் சொன்னாங்க. கொஞ்ச நாள் நான் ஸ்டூல்ல உட்காந்து ஜனங்க பட்டன் அமுக்கறதைப் பார்த்துட்டிருந்தேன். அப்புறம் ஸ்டூலை எடுத்துட்டாங்க" என்றார். அவர் பேச்சை நீ மனசில் போட்டுக்கொள்ளாதே.

பட்டாணி போன வாரம் வந்தாள். எதிரே ஸ்கூல் என்பதால் எல்லாப் பிள்ளைகளும் என்னிடம்தான் யூனிஃபார்ம் தைக்கிறார்கள். போன வருஷப் பாவாடையின் மடிப்பைப் பிரித்துவிட்டேன், அப்படியும் முழங்காலுக்கு மேலே நிற்கிறது. அப்படி ஒரு வளர்த்தி. நெற்றி அச்சு அசல் உன்னுடையது. முன்பல் ஒன்று விழுந்து முளைத்துவிட்டது, பக்கத்துப் பல் ஆடிக்கொண்டிருக்கிறது. அளவெடுக்கும்போது வாய் ஓயவில்லை. 'டெய்லர் அத்தை' என்று கூப்பிடுகிறாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அவள் அம்மாவுக்கு ஏதோ வேலையாம். மருந்துக்கடைக்காரர்தான் கூட்டிக்கொண்டு வந்தார். முனையில் இருக்கிறதே, அந்தக் கடைக்காரர். நல்ல மனுஷன்.

குளிர் வந்தால் போர்வை அனுப்புகிறேன்.

அக்கா

ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமாக இருக்கவேண்டும். எனக்கு ஜலதோஷம் வந்து போனது, இப்போது தேவலை.

பட்டாணியைப் பற்றி எழுதிய பக்கத்தை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். வேர்வையில் மை கரைந்து 'நெற்றி' என்ற இடம் மட்டும் நீலமாகிவிட்டது. பரவாயில்லை, மனப்பாடம்.

பயிற்சி ஆரம்பித்துவிட்டது. பெரிய கூடத்தில் தரையில் சாக்பீஸ் கோடு. கோடுதான் வாசல். பாதிப் பேர் ஜனங்களாக நடிப்போம், பாதிப் பேர் வாசல்காரர்களாக நிற்போம். "வணக்கம், வாங்க" என்று சொல்லவேண்டும், பல் தெரியவேண்டும், ஆனால் ரொம்பத் தெரியக்கூடாது. கண்டக்டர் பழக்க தோஷத்தில் "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் இருக்கு!" என்று கத்திவிட்டார். சொல்லிக்கொடுக்கிற மேடமே திரும்பிக்கொண்டு சிரித்தார். டிக்கெட்டை எந்தக் கையில் வாங்குவது என்று கேட்டேன். "நேரம் வரும்போது தெரியும்" என்றார். எதைக் கேட்டாலும் இதே பதில்தான்.

கண்டக்டரிடம்கூடச் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். தியேட்டரில் டிக்கெட் கிழித்த நாளெல்லாம் முகங்கள் ஒன்றும் எனக்கு நினைவில் தங்கவில்லை, கைகள்தான் தங்கின. சீட்டை நீட்டும்போது பிள்ளைகளின் விரல் என் கையில் படும். அம்மாக்காரி "நீயே குடு" என்று பிள்ளையிடம் கொடுத்து நீட்டச்சொல்வாள். பட்டாணியும் அப்படி நீட்டினால் போதும் எனக்கு. நான் யாரென்று சொல்லக்கூட வேண்டாம். பாதியைக் கிழித்துப் பாதியை அவள் கையில் வைப்பேன், அவ்வளவுதான்.

வளையம் என்றாலும் சரிதான். நான்தானே மாட்டிவிடவேண்டும்? உள்ளங்கை நரம்பு என்றால் கையை எப்படி வைப்பது என்று காட்டிக்கொடுக்கவேண்டும். கண்ணில் விளக்கு என்றால்தான் கஷ்டம், எட்ட நிற்கவேண்டியிருக்கும்.

ஒரு சந்தோஷச் செய்தி. திறந்த பிறகு எங்கள் குடும்பத்துக்கு ஆளுக்கு இரண்டு பாஸ் தருவார்களாம். நீ அவளிடம், பட்டாணியின் அம்மாவிடம்தான், பக்குவமாகக் கேட்டுப் பார்க்கிறாயா? நான் கொடுத்ததாகச் சொல்லவேண்டாம். கடைக்கு வந்த யாரோ கொடுத்தார்கள் என்று சொல்லிவிடு.

தம்பி

மே 19

என் தம்பிக்கு,

நலம்தானே? பதில் போட நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தானுக்கும் இல்லை, முழங்கால் தவிர.

ஒரு கல்யாணத் துணி வந்துவிட்டது. தட்டமுடியாத இடம். முதலில் கை நிறைய வேலை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண்ணே நேரில் வந்து, "வேற யார் தைச்சாலும் எனக்கு மனசு ஆறாது, நீங்கதான் தைக்கணும்" என்று நின்றுவிட்டாள். அளவெடுக்கும்போது நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. தைத்து, பிரித்து, திரும்பத் தைத்து, ஒரு வழியாகக் கொடுத்தாயிற்று. இப்படி ஒரு துணிக்கு நான் பாடுபட்டதே இல்லை.

பாஸ் விஷயம் கேட்டேன். பார்க்கலாம் என்றாள்.

பட்டாணி நன்றாகப் படிக்கிறாள். கணக்கில் முதலாவது. சாயங்காலம் மருந்துக்கடையில் உட்கார்ந்துதான் பாடம் எழுதுகிறாள். அங்கே விளக்கு நன்றாக இருக்கிறது.

இங்கே ஒரே வெயில். நீ தலைக்குத் துணி கட்டிக்கொள். வேறென்ன எழுத? எழுத எவ்வளவோ இருந்தது, உட்கார்ந்தால் வரமாட்டேன் என்கிறது.

அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் ரொம்ப மெலிந்திருந்தது. நீயும் மெலிந்துவிட்டாயோ என்று பயமாக இருக்கிறது. ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

தார்ப்பாயைப் பிரித்துவிட்டார்கள். அங்கே என்ன இருந்தது தெரியுமா? ஒன்றுமே இல்லை. கதவு இல்லை, கம்பி இல்லை, கூண்டு இல்லை. ஒரு பெரிய வளைவு, கீழே கம்பளம். ஜனங்கள் பாட்டுக்கு நடந்து போகவேண்டியதுதான். வளைவுக்குள்ளே கேமராக்கள் ஒளிந்திருக்கின்றன. வீட்டிலிருந்தே போட்டோவைப் பதிந்து பாஸ் வாங்கிவிட்டால் போதும், நடக்கிற நடையிலேயே மெஷின் முகத்தைப் பார்த்துக் கணக்கெடுத்துவிடும். நிற்கவேண்டாம், நீட்டவேண்டாம், யாரும் யாரையும் தொடவேண்டாம்.

எங்களை வளைவுக்கு முன்னால் வரிசையாக நிற்கவைத்து மேடம் நடந்து காட்டினார். உச்சியில் பச்சை விளக்கு எரிந்தது. கண்டக்டர், "மேடம், இதுல டிக்கெட் எங்க?" என்று கேட்டார்.

"முகம்தான் டிக்கெட்."

"அப்ப நாங்க?"

மேடம் கையில் வைத்திருந்த தாளைப் பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை. பாதிக்கு மேல் அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். கண்டக்டரும் போய்விட்டார். பையைத் தூக்கிக்கொண்டு வளைவுக்குள் ஒருதரம் நடந்து பார்த்தார். அவர் முகம் இன்னும் அழிக்கப்படவில்லை போல, பச்சை எரிந்தது. "பாரு, அதுக்கு என்னைத் தெரியுது" என்றார். வாய் சிரித்தது. அப்புறம் என் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

என்னை வைத்துக்கொண்டார்கள். ஏன் என்று கேள். மெஷினுக்குச் சில முகங்கள் தெரிவதில்லை. அப்போது சிவப்பு எரியும், அவர்களைப் பக்கத்திலிருக்கிற சின்ன அறைக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு ஆள் உட்கார்ந்து யாரென்று பார்த்து உள்ளே விடவேண்டும். அந்த ஆள் நான். அக்கா, அதிகம் நிற்பது யார் தெரியுமா? பிள்ளைகள். பிள்ளைகள் முகம் மாறிக்கொண்டே இருக்கிறதாம், பழைய போட்டோ என்றால் மெஷின் தடுமாறுகிறதாம்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை. அவர்கள் பாஸ் வாங்கும்போது பழைய போட்டோவைக் கொடுத்தால் பட்டாணி என் அறைக்கு வருவாள். உன் கடைச் சுவரில், கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறதே. தையல் மெஷின் மேல் உட்கார்ந்து நூல்கண்டைக் கடிக்கிறாளே, நான் எடுத்தது. அது மாதிரி ஒன்று. நீ மனசு வைத்தால் முடியும். எப்படியாவது செய், அக்கா. ஒருதடவை போதும்.

தம்பி

ஜூலை 10

அக்காவுக்கு,

சுகமா? கடிதம் வரவில்லை. தபாலில் தொலைந்ததா, கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேனா தெரியவில்லை. கோபமென்றால் நாலு வரி திட்டியாவது எழுது.

இங்கே டைனோசருக்குத் தலை வைத்துவிட்டார்கள். என் அறைக்கு நாற்காலி வந்துவிட்டது. குழந்தைகள் உட்கார உயரமான ஸ்டூல் ஒன்றும் வந்திருக்கிறது. நான் அதில் உட்கார்ந்து பார்த்தேன், ஆடவில்லை.

தம்பி

ஜூலை 25

என் தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? உன் இரண்டு கடிதமும் வந்தன. தபாலைக் குறை சொல்லாதே.

திட்டத்தான் போகிறேன். ஒரு குழந்தையைப் பத்துப் பேர் பார்க்க வாசலில் நிற்கவைத்து, சிவப்பு விளக்கெரிந்து, மற்ற பிள்ளைகளெல்லாம் உள்ளே ஓட அது மட்டும் நிற்கவேண்டுமா? அது அழுதால் உனக்குச் சரியா? அந்த மாதிரிக் காரியம் என்னால் ஆகாது. சொல்லிவிட்டேன்.

பாஸ் வாங்கிவிட்டார்கள். வருஷம் முழுதும் போகிற பாஸ். மருந்துக்கடைக்காரர்தான் என் கடைக்குப் பக்கத்து கம்ப்யூட்டர் கடையில் வந்து பதிந்தார். குழந்தையின் போட்டோ கையில் இல்லை, வீட்டுக்குப் போய் எடுத்துவரவேண்டும் என்றார். கடையில் நல்ல கூட்டம். பிறகு எப்படியோ பதிந்து முடிந்தது. திறந்த மறுவாரம் மூன்று பேரும் கிளம்புகிறார்கள். பட்டாணி ஸ்கூல் முழுக்கத் தண்டோரா போட்டாயிற்று.

கடைக்கு வெள்ளையடிக்கிறோம். சுவரில் இருந்ததையெல்லாம் கழற்றி வைத்திருக்கிறேன்.

தம்பி, அந்த வாரம் உனக்கு வேறு பக்கம் வேலை கேட்டு வாங்கிக்கொள்ள முடியுமா? ராட்டினம், கேன்டீன் எங்கேயாவது. யோசித்துப் பார். உனக்கு நான் கெட்டதா சொல்வேன்?

அக்கா

ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் திட்டு கிடைத்தது, உடம்பு தேறிவிட்டது! நீ சொன்னது நியாயம். போட்டோ விஷயத்தை விட்டுவிட்டேன். மெஷின் அவளை நிறுத்தாவிட்டால் என் அறை ஜன்னல் வழியாக அவள் நடந்து போவதைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கென்ன.

ஆனால் கள்ளி, மூன்று பேரும் கிளம்புகிறார்கள் என்று யாரையோ சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறாயே! பட்டாணி, அவள் அம்மா, மூன்றாவது நீதானே? அவர்களைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் கூட வருகிறாய். அதனால்தான் என்னை வேறு வேலைக்குப் போகச் சொன்னாய், உனக்குச் சங்கடம். புரிகிறது. ஆனால் நீ இருந்தால் எல்லாம் சுலபமாகிவிடும். "இது யார் தெரியுமா?" என்று நீயே அவளிடம் சொல்லிவிடலாம். சொல்லாமலும் இருக்கலாம், உன் இஷ்டம்.

பாஸுக்கு அலைந்துகொடுத்த மருந்துக்கடைக்காரருக்கு நான் ஒரு நன்றி சொன்னேன் என்று சொல். பார்க் பெரிசு, உனக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியாதென்று மேடத்திடம் சக்கர நாற்காலி கேட்டு வைத்திருக்கிறேன். வேண்டாமென்று சொல்வாய், பரவாயில்லை, இருக்கட்டும்.

என் யூனிஃபார்ம் சட்டை தோளில் தொங்குகிறது. உன் தையல் மாதிரி வருமா? வரும்போது ஊசி நூல் கொண்டு வா.

தம்பி

ஆகஸ்ட் 21

தம்பி,

சுகமாக இரு.

நான் வரவில்லை. மூன்று பேரில் நான் இல்லை.

இதற்கு மேல் எழுத இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அத்தான், "நேர்ல போய் சொல்லு, பஸ் ஏறு" என்றார். கிளம்பி பஸ் நிலையம்வரை போய்த் திரும்பி வந்தேன்.

அவள் குழந்தை. அவளிடம் எதையும் எதிர்பார்க்காதே. யாரோடு வந்தாலும், என்ன பேசினாலும், உன் முகம் மாறவேண்டாம். அவளுக்கு ஒரு குறையும் இல்லை, சந்தோஷமாக இருக்கிறாள். அதை மட்டும் மனசில் வைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

செப்டம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் இதை எழுதத்தான் தோன்றியது.

வந்தார்கள். நல்ல கூட்டம், நல்ல வெயில். சிவப்பு எரிந்தது. என் அறைக் கதவு திறந்தது. ஒரு சின்னப்பெண் மஞ்சள் தொப்பியோடு உள்ளே வந்து, சொல்லாமலேயே ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். நெற்றியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பின்னாலேயே மருந்துக்கடைக்காரர் வந்தார். பெரியவர்கள் தரையில் இருக்கிற மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது, சொல்லிக்கொடுக்கவும் கூடாது. அவர் கோட்டில் செருப்பு படாமல் ஒழுங்காக நின்றுகொண்டார். அவள் அம்மாவை மெஷின் ஏற்கெனவே உள்ளே விட்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப்பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டாள். வரவில்லை.

திரையில் பட்டாணியின் பதிவு வந்தது. போட்டோவில் அவள் உன் தையல் மெஷின் மேல் உட்கார்ந்து நூல்கண்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

என்னால் ஆகாது என்று எழுதினாயே, அக்கா.

போட்டோவுக்குக் கீழே அம்மா பேர், அப்பா பேர். அப்பா என்ற இடத்தில் அந்த மனுஷனின் பேரும் படமும். அந்தக் கல்யாணத் துணி யாருக்கு என்று உன்னைக் கேட்கப்போவதில்லை. நீ பஸ் நிலையம்வரை வந்ததே போதும்.

அந்த அறையில் என் வேலை மூன்று கேள்வி கேட்பது. உன் பேர் என்ன, அம்மா பேர் என்ன, அப்பா பேர் என்ன. குழந்தை தன் வாயால் சொல்லவேண்டும். திரையில் இருப்பதோடு ஒத்துப்போனால் பச்சையை அழுத்தவேண்டும். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு, குடும்பம் மொத்தமும் திரும்பிப் போகவேண்டும். என் தலைக்கு மேலே கேமரா. இதைத் தவிர ஒரு வார்த்தை அதிகம் பேசக்கூடாது. நான் பேசினேன், அது வேறு.

பேர் கேட்டேன், சொன்னாள். பட்டாணி இல்லை, ஸ்கூல் பேர். அம்மா பேர் கேட்டேன், சொன்னாள். மூன்றாவதைக் கேட்பதற்கு முன் தண்ணீர் குடித்தேன்.

"அப்பா பேர் என்னம்மா?"

கேட்டுவிட்டு அந்த ஒரு நொடிக்குள் என்னவெல்லாமோ நினைத்தேன், அக்கா. ஞாபகம் இருந்து என் பேரைச் சொல்லிவிட்டால்? சொன்னால் நான் சிவப்பு அழுத்தவேண்டும். சொல்லிவிடாதே என்று நினைத்தேன். சொல்லேன் என்றும் நினைத்தேன்.

அவள் திரும்பி மஞ்சள் கோட்டுப் பக்கம் பார்த்துச் சிரித்துவிட்டு, அவர் பேரைச் சொன்னாள். இனிஷியலோடு, ஸ்கூலில் சொல்கிற மாதிரி சத்தமாக.

நான் கையைப் பொத்தான் மேல் வைத்தேன். அதற்குள் அவள் கேட்டாள், "அங்கிள், மெஷினுக்கு ஏன் என்னைத் தெரியல?"

"நீ வளந்துட்டே. அதுகிட்ட இருக்கறது சின்ன வயசு போட்டோ."

"உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரிஞ்சுது."

"அப்ப நீங்கதான் மெஷினைவிட கெட்டிக்காரர்" என்று சொல்லி ஸ்டூலிலிருந்து குதித்தாள். ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்திருக்கிறது, சிரிக்கும்போது அந்த இடம் தெரிந்தது.

பச்சையை அழுத்தினேன். அவர் கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே கும்பிட்டு, "ரொம்ப நன்றிண்ணே, பிள்ளை அழுதுடுவாளோன்னு பயந்துட்டேன்" என்றார். அவருக்கு நான் யாரென்று தெரியாது. நீ எழுதின மாதிரியே நல்ல மனுஷன். வெறுக்க முயற்சி பண்ணிப் பார்த்தேன், பிடி கிடைக்கவில்லை. அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கண்ணாடிக்கு அப்பால் அவள் அம்மா குனிந்து தொப்பியைச் சரி செய்தாள். அதற்குப் பிறகு கூட்டம் மறைத்துவிட்டது. நீ சொன்னபடி என் முகம் மாறவில்லை என்றுதான் நினைக்கிறேன். அடுத்த பிள்ளை வந்துவிட்டது.

ஒன்று உனக்குத் தெரியாது. நான் பச்சையை அழுத்துகிற நேரத்தில், ஸ்டூலுக்கு எதிரே இருக்கிற கேமரா குழந்தையின் இப்போதைய முகத்தை எடுத்துப் பழைய போட்டோவின் இடத்தில் வைத்துவிடும். இனி எத்தனை வளர்ந்தாலும், வருகிற ஒவ்வொரு தடவையும் மெஷின் தானே புதுப்பித்துக்கொள்ளும். ஒரு தடவை என் அறைக்கு வந்த பிள்ளையை அது மறுபடி நிறுத்துவதே இல்லை. அவள் வருஷம் முழுக்க வரலாம். வளைவுக்குள் ஓடிப் போய்க்கொண்டே இருப்பாள்.

அழுத்தும்போதே எனக்கு அது தெரியும். அழுத்தாமல் இருந்தால் அவள் ராட்டினத்தைப் பார்க்காமல் திரும்பியிருப்பாள்.

என் அறைக்கு வருகிறவர்கள் தினம் தினம் குறைகிறார்களாம். மேடம் சந்தோஷமாகச் சொன்னார்.

கண்ணைப் பார்த்துக்கொள். அத்தானைக் கேட்டதாகச் சொல். பதிலை மெதுவாகப் போடு, அக்கா. எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

உன் தம்பி